மயில்துத்தம் போடாமல் தெளிந்த குட்டை: ஒரு தோட்டப் பாசிப் பிரச்சினை பற்றிய நிகழ்வு ஆய்வு

கோயமுத்தூரின் மேற்குப் பக்கத்தில் ஒரு பழைய வீட்டுத் தோட்டத்தில் இருக்கிறது இந்தக் குட்டை. நீளம் 14 அடி, அகலம் 8 அடி, முட்டை வடிவம். நடுவில் மூன்றடிக்கு மேல் ஆழம். ஒரு பக்கம் மட்டும் தவளையும் குருவியும் இறங்கி ஏறும்படி சரிவாக விடப்பட்டிருக்கிறது. சராசரி ஆழம் இரண்டடி என்று வைத்தால் 5,000 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். அடியில் கறுப்பு ஷீட், அதன்மேல் மண். வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. அழகுக்காக வெட்டியதல்ல இது. தவளை முட்டையிட வேண்டும், தட்டான் வரவேண்டும், வெயில் காலத்தில் பறவைகளுக்குத் தண்ணீர் இருக்க வேண்டும் என்பதுதான் அவர் எண்ணம்.

முதல் மழைக்காலத்தில் எல்லாம் அப்படியே நடந்தது. தவளைச் சத்தம் கேட்டது, கொண்டைக்குருவிகள் வந்து குளித்தன, மீன்கொத்திகூட ஒன்றிரண்டு முறை வந்து கம்பியில் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போனது. அடுத்த கோடை தொடங்கும்போது பாசி வந்தது. மார்ச்சில் ஓரங்களில் பச்சை நூலாகத் தொடங்கி, ஏப்ரலில் முக்கால்வாசிக் குட்டையை மூடிவிட்டது. பாசி இல்லாத இடத்திலும் தண்ணீர் கலங்கலான பச்சை. கையை முழங்கை வரை விட்டால் விரல் தெரியாது.

அவர் என்னைக் கூப்பிட்டதற்கு முன்பே வீட்டில் இரண்டு வைத்தியம் நடந்திருந்தது. ஒன்று, தண்ணீர் முழுவதையும் இறைத்துவிட்டு, பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துக் கழுவி, போர்வெல்லில் இருந்து உப்புத் தண்ணி நிரப்பியது. மூன்று வாரத்தில் பாசி திரும்ப வந்தது, முன்பைவிட அடர்த்தியாக. இரண்டாவது, கொசு வரும் என்று அக்கம்பக்கத்தில் சொன்னதால் கோல்டுஃபிஷும் கப்பியும் விட்டது. மூன்றாவது வைத்தியத்துக்குத்தான் என்னிடம் யோசனை கேட்டார்.

“ஒரு கைப்பிடி மயில்துத்தம் போட்டா ரெண்டே நாள்ல தெளிஞ்சிரும்னு உரக்கடையில சொல்றாங்க கண்ணு. போட்டுரலாமா?”

“தெளிஞ்சிருமுங்க டீச்சர். ஆனா தலைப்பிரட்டையும் நத்தையும் சேர்ந்து போயிருமுங்க.”

அவர் அதற்குமேல் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. ஆனால் ஏன் போடக்கூடாது என்பதை இங்கே விளக்கமாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் தோட்டக் குட்டை வைத்திருக்கும் எல்லோரிடமும் யாராவது ஒருவர் இந்த யோசனையைச் சொல்லாமல் இருப்பதில்லை.

மயில்துத்தம் என்ன செய்யும்

மயில்துத்தம் என்பது காப்பர் சல்பேட். போர்டோ கலவையில் பூஞ்சணத்தைக் கொல்லுவது இதுதான். பாசியையும் கொல்லும், அதில் சந்தேகமில்லை. சிக்கல் என்னவென்றால், செம்பு பாசியைத் தேடிப்போய்க் கொல்வதில்லை. நத்தை, தலைப்பிரட்டை, தண்ணீரில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் துள்ளும் நீர்த்தெள்ளு எல்லாமே அதற்கு இரைதான். அதோடு செம்பு ஒரு தனிமம், மக்காது, ஆவியாகாது. போட்ட செம்பு அத்தனையும் அடிச் சேற்றில் தங்கிவிடும். அந்தச் சேற்றில்தான் தட்டான் புழு வாழ்கிறது.

தண்ணீரைப் பொறுத்து அதன் வேகமும் மாறும். கோவையில் எல்லோருக்கும் தெரிந்த இரண்டு தண்ணீரையே எடுத்துக்கொள்வோம். சிறுவாணித் தண்ணீர் மென்மையானது, மழைத்தண்ணீர் இன்னும் மென்மையானது. இவற்றில் கொஞ்சம் செம்பே உயிர்களைக் கொன்றுவிடும். உப்புத் தண்ணியில் கார்பனேட் அதிகம். அங்கே செம்பு பாசியிடம் போகும் முன்பே கார்பனேட்டோடு சேர்ந்து அடியில் படிந்துவிடுகிறது. ‘வேலை செய்யவில்லையே’ என்று இன்னொரு கைப்பிடி போடுவார்கள். ஆக, மென்மையான தண்ணீரில் ஆபத்து, கடினமான தண்ணீரில் வீண். வீட்டுத் தோட்டத்தில் கைப்பிடி அளவில் போடக்கூடிய பொருளே இல்லை இது.

எந்த மருந்தாக இருந்தாலும், பாசியை ஒரே நேரத்தில் மொத்தமாகக் கொல்வதில் இன்னொரு கேடு இருக்கிறது. செத்த பாசி எங்கேயும் போய்விடாது. அடியில் அழுகும். அழுகவைக்கும் பாக்டீரியா தண்ணீரில் உள்ள ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும். 20 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நீரில் அதிகபட்சம் 9 மில்லிகிராம் அளவு ஆக்சிஜன் கரைந்திருக்கும். 30 டிகிரியில் அது ஏழரைதான். நம் ஊர்க் கோடையில் தண்ணீரில் கையிருப்பே குறைவு. பாசி பகலில் ஆக்சிஜனை வெளியே விட்டாலும், இரவில் எல்லா உயிரும் போல அதுவும் சுவாசிக்கிறது. அதனால் விடிவதற்குச் சற்று முன்புதான் குட்டையில் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருக்கும். இந்தக் குட்டையில் அதை நேரிலேயே பார்க்க முடிந்தது. விடிகாலையில் கோல்டுஃபிஷ் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. எட்டு மணிக்கு வெயில் விழுந்ததும் கீழே போய்விட்டன. ஏற்கெனவே இந்த நிலையில் உள்ள ஒரு குட்டையில் மருந்து போட்டுப் பாசி முழுவதையும் அழுகவிட்டால், மறுநாள் காலையில் என்ன மிதக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அழுகும் பாசி தான் உறிஞ்சிய சத்தையும் தண்ணீருக்கே திருப்பிக் கொடுத்துவிடும். அடுத்த பாசிக்கு உரம் அது.

எந்தப் பாசி என்று முதலில் பார்த்தது

பாசி என்று ஒரே பெயரில் சொன்னாலும், குட்டையில் மூன்று வகை வரலாம். மூன்றுக்கும் வழி வேறு. ஒரு குச்சியை விட்டுச் சுற்றி எடுத்தால் நூல் நூலாகச் சுற்றிக்கொண்டு வருவது நூல்பாசி. ஸ்பைரோகைரா, கிளாடோஃபோரா எல்லாம் இந்த வகை. பார்க்க அசிங்கமாக இருக்கலாம், ஆனால் நஞ்சில்லை. தண்ணீரே பச்சையாக இருந்து, குச்சியில் ஒன்றும் ஒட்டாமல் வந்தால் அது ஒற்றைச் செல் பாசி. மூன்றாவதுதான் கவனிக்க வேண்டியது: மேலே பச்சை பெயிண்ட் கொட்டியது போல ஆடை படிந்து, குச்சியில் நூலாகச் சுற்றாமல் வழிந்து, நாற்றமும் இருந்தால் நீலப்பச்சைப் பாசியாக இருக்கலாம். உண்மையில் அது பாசியே இல்லை, ஒருவகை பாக்டீரியா. மைக்ரோசிஸ்டிஸ் போன்றவை கல்லீரலைத் தாக்கும் நஞ்சை உண்டாக்கக்கூடியவை. அப்படித் தெரிந்தால் கையை விடக்கூடாது, நாயையும் குழந்தைகளையும் அண்டவிடக்கூடாது.

இங்கே இருந்தவை முதல் இரண்டும். அதனால் கை வைத்து வேலை செய்யலாம் என்று முடிவு செய்தோம்.

சத்து எங்கிருந்து வருகிறது

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், ஆராய்ச்சிக்கென்றே ஒதுக்கப்பட்ட ஏரிகள் இருக்கின்றன. அதில் 226ஆம் எண் ஏரியை 1973இல் டேவிட் ஷிண்ட்லரும் அவருடைய குழுவினரும் நடுவே ஒரு திரை போட்டு இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியில் கார்பனும் நைட்ரஜனும் போட்டார்கள். மறு பாதியில் அவற்றோடு பாஸ்பரஸும் சேர்த்தார்கள். பாஸ்பரஸ் போட்ட பாதி மட்டும் பச்சையாகிவிட்டது. மேலிருந்து எடுத்த அந்தப் படத்தைப் பார்த்தவர்களுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. நன்னீரில் பாசிக்குக் கடிவாளம் பெரும்பாலும் பாஸ்பரஸ் கையில்தான் இருக்கிறது என்பதை அது காட்டியது. ஆகவே பாசிப் பிரச்சினை என்று யார் கூப்பிட்டாலும், நான் தண்ணீரைப் பார்ப்பதற்கு முன் குட்டையைச் சுற்றி நடந்து பார்ப்பேன்.

இங்கே மேட்டுப் பக்கத்தில் ரோஜாப் பாத்தி. அதற்கு மாதாமாதம் டி.ஏ.பி. உரம் வைப்பதாகத் தோட்ட வேலைக்கு வரும் அண்ணன் சொன்னார். பாத்திக்கு ஹோஸ் பிடித்தால் மிச்சத் தண்ணீர் சரிவில் இறங்கி நேராகக் குட்டைக்குத்தான் வரும். மண்ணில் அந்தத் தடமே தெரிந்தது.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். டி.ஏ.பி. மூட்டையில் 18-46 என்று அச்சிட்டிருப்பார்கள். அந்த 46, பாஸ்பரஸ் பென்டாக்சைடின் சதவீதம். அதைப் பாஸ்பரஸாகக் கணக்கிட்டால் எடையில் ஐந்தில் ஒரு பங்கு. பாத்தியில் இருந்து வெறும் 25 கிராம் டி.ஏ.பி. கரைந்து குட்டைக்கு வந்தாலே 5 கிராம் பாஸ்பரஸ். 5,000 லிட்டரில் அது லிட்டருக்கு ஒரு மில்லிகிராம். ஏரிகளில் லிட்டருக்கு 0.1 மில்லிகிராமைத் தாண்டினாலே மிகையான சத்துள்ள தண்ணீர் என்று வகைப்படுத்துகிறார்கள். அதைப்போலப் பத்து மடங்கு! ஒரு கிராம் பாஸ்பரஸ் ஈரமான பாசியாக அரைக் கிலோ வரை வளரவிடும் என்பது பொதுவான கணக்கு. அப்படியானால் அந்த 25 கிராம் உரம் இரண்டரைக் கிலோ பாசி.

இது ஒன்று மட்டுமல்ல. மீனுக்குக் காலையும் மாலையும் தீனி. தின்றது போக மீதி அடியில். மேலே நீட்டிக்கொண்டிருந்த பாதாம் மரத்தின் பெரிய இலைகள் ஆண்டுக்கு இரண்டு முறை சிவந்து கொட்டும்போது பாதி குட்டையில்தான் விழும். கோடையில் தண்ணீர் நாளுக்கு அரை சென்டிமீட்டருக்கு மேல் ஆவியாகிறது. அதாவது இந்தக் குட்டையில் தினமும் மூன்று குடத்துக்குக் குறையாமல். அதை உப்புத் தண்ணியால் ஈடுகட்டிக்கொண்டே இருந்தார்கள். ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும். அதில் கரைந்துள்ள உப்பும் நைட்ரேட்டும் உள்ளேயே நின்று ஏறிக்கொண்டே போகும்.

பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவியது எல்லாவற்றையும் விடப் பெரிய கேடு. பச்சைத் தண்ணீரைத் தெளியவைப்பது டாஃப்னியா, மொய்னா போன்ற நீர்த்தெள்ளுகள். ஒற்றைச் செல் பாசியை நாள் முழுக்க வடிகட்டித் தின்பது அவைதான். கழுவியபோது அவை போய்விட்டன. மிச்சம் மீதி இருந்ததையும் கப்பியும் கோல்டுஃபிஷும் தின்றுவிட்டன. சத்து நிறைய, வெயில் நிறைய, மேய்வதற்கு ஆளில்லை. அந்தக் குட்டை வேறு எப்படி இருக்க முடியும்?

செய்த வேலைகள்

முதலில் சத்து வரும் வழியை அடைத்தோம். ரோஜாப் பாத்திக்கும் குட்டைக்கும் நடுவே அரையடி உயரத்துக்கு மண்கரை கட்டி, தண்ணீர் வாழைப் பக்கம் திரும்பும்படி வாய்க்கால் வெட்டியது தோட்டக்கார அண்ணன்தான்; ஒரு காலை நேர வேலை. டி.ஏ.பி.யை நிறுத்திவிட்டு ரோஜாவுக்கு மக்கிய தொழுவுரம், அதுவும் கரைக்கு அந்தப் பக்கம் மட்டும். பாதாம் மரத்தில் குட்டைமேல் நீண்ட கிளைகளை வெட்டினோம். மிச்ச இலைக்கு, கொட்டும் காலத்தில் மட்டும் மேலே வலை.

மீன்களை எடுத்ததில்தான் டீச்சருக்கு வருத்தம். தெரிந்தவர் ஒருவர் வீட்டுத் தொட்டிக்குப் போயின. நொய்யலிலோ பெரியகுளத்திலோ விட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்கவே கூடாது. வெளிநாட்டு மீனை ஆற்றில் விடுவது இந்தக் குட்டையின் தொல்லையை ஊருக்கே கொண்டுபோய் விடுவது.

அப்புறம் பாசி. மூங்கில் குச்சியை உள்ளே விட்டு, மெதுவாக ஒரே பக்கமாகச் சுழற்றினால் நூல்பாசி கற்றையாகச் சுற்றிக்கொண்டு வரும். வேகமாக இழுத்தால் அறுந்துவிடும்; அடிச்சேறும் கிளம்பும். ஒரே தடவையில் எல்லாவற்றையும் எடுக்கவில்லை. மூன்றில் ஒரு பங்கு, இரண்டு வாரம் கழித்து இன்னொரு பங்கு. முழுவதும் எடுத்தால் அதற்குள் ஒதுங்கியிருக்கும் உயிர்களுக்கு மறைவே இல்லாமல் போகும். முதல் கற்றையை வெள்ளைப் பிளாஸ்டிக் தட்டில் போட்டு டீச்சரிடம் காட்டினேன். முதலில் ஒன்றுமே தெரியவில்லை. சற்று நேரத்தில் நூலுக்குள் இருந்து ஒரு தட்டான் புழு காலை இழுத்து இழுத்து வெளியே வந்தது. உடம்பு முழுக்கச் சேறு, தலையில் கண் மட்டும் இரண்டு பக்கமும் புடைத்துத் தெரிந்தது. அதன்பின் பொடி நத்தைகள், தலைப்பிரட்டை மூன்று, முதுகில் நீந்தும் நீர்ப்பூச்சி ஒன்று. ஒரு கைப்பிடிப் பாசியில் இத்தனை. அன்றிலிருந்து பாசி எடுப்பது அவர் வேலை என்று அவரே சொல்லிவிட்டார்.

எடுத்த பாசியைத் தண்ணீர் விளிம்பிலேயே, சரிவான பக்கத்தில், ஒரு இரவு விட்டுவைக்க வேண்டும். உள்ளே இருப்பவை ஊர்ந்து திரும்பிவிடும். மறுநாள் அதை அள்ளி உரக்குழிக்குக் கொண்டுபோக வேண்டும்; கரையிலேயே விட்டால் மக்கி, அதன் சத்து மழையில் திரும்ப இறங்கும். பாசியை வெளியே எடுப்பது பாஸ்பரஸையே வெளியே எடுப்பதுதான் என்பதால் இந்தச் சின்னக் கவனம் முக்கியம். வாழைக்கு நல்ல உரம் அது.

மறுபக்கம், பாசிக்குப் போகும் சத்தையும் வெயிலையும் பங்குபோட்டுக்கொள்ளச் செடி வேண்டும். இரண்டு தொட்டியில் அல்லி வைத்தோம். தொட்டி மண்ணில் எரு எதுவும் கலக்காமல் வெறும் களிமண், மேலே கூழாங்கல். சரிவில் நீர்ப்பிரமியும் ஆரைக்கீரையும். ஓரத்தில் ஒரு தொட்டிக் கோரை. அடியில் ஒரு கட்டு ஹைட்ரில்லா, நன்றாக அலசிவிட்டு. அல்லி இலை மேற்பரப்பில் பாதிக்கு மேல் மூடட்டும் என்பது குறி. சீக்கிரம் வளரும் என்று வெங்காயத்தாமரை வைக்கச் சொன்னார்கள். சத்தை வேகமாக இழுக்கும் என்பது உண்மைதான். ஆனால் கோவையின் குளங்களை அது எப்படி மூடிக்கிடக்கிறது என்று பார்த்தவர்கள் அதை வீட்டுக்குள் கொண்டுவர மாட்டார்கள்.

ஈடு ஊற்றும் தண்ணீருக்குக் கூரையில் இருந்து மழைத்தண்ணீர் பிடித்து ஒரு சின்டெக்ஸ் தொட்டியில் சேர்க்க ஏற்பாடு செய்தோம். உப்புத் தண்ணி, தொட்டி காலியானால் மட்டும்.

வைக்கோல் பற்றி ஒரு கேள்வி வந்தது. இங்கிலாந்தில் பார்லி வைக்கோலைக் குளத்தில் மிதக்கவிடுவது 1980களில் இருந்து பரவிய முறை. மக்கும்போது வெளிவரும் பொருட்கள் புதிய பாசி வளர்வதைத் தடுப்பதாகச் சொல்கிறார்கள். இருக்கும் பாசியை அது கொல்லாது. சில குளங்களில் பலன் தந்திருக்கிறது, சிலவற்றில் இல்லை. நம்மிடம் இருப்பது நெல் வைக்கோல். அதில் பூச்சிமருந்து மிச்சம் இருக்கலாம் என்பது ஒரு தயக்கம். அதைவிடப் பெரிய தயக்கம் வெப்பம். 30 டிகிரித் தண்ணீரில் வைக்கோல் வேகமாக மக்கும், மக்க மக்க ஆக்சிஜனைக் குடிக்கும். விடிகாலையில் மூச்சுக்குத் தவிக்கிற குட்டையில் அதைச் செய்ய நான் ஒப்பவில்லை.

கொசு விஷயத்தை மட்டும் தள்ளிப்போட முடியாது. கொசுப்புழு பார்க்க வருபவர்கள் தேங்கிய தண்ணீரைக் கண்டால் அபேட் மருந்து ஊற்ற வேண்டும் என்பார்கள். அது அவர்கள் கடமை, டெங்கு இருக்கும் ஊர். ஆனால் அந்த மருந்து நீர்த்தெள்ளையும் சேர்த்துக் கொல்லும். அதனால் வாரம் ஒருமுறை வெள்ளைக் கோப்பையில் ஓரத்துத் தண்ணீரை மொண்டு புழு இருக்கிறதா என்று பார்ப்பது, இருந்தால் பி.டி.ஐ. என்னும் பாக்டீரியா மருந்து போடுவது என்று பேசி வைத்தோம். பி.டி.ஐ. கொசுப்புழுவைத்தான் முக்கியமாகத் தாக்கும்; தவளை, தட்டான், நீர்த்தெள்ளுக்கு ஒன்றும் ஆகாது. வந்தவர்களிடம் டீச்சர் கோப்பையைக் காட்டி, தட்டான் புழுவையும் காட்டினார். ஒப்புக்கொண்டார்கள்.

நடந்தது

ஜூன் சாரலுக்குப் பிறகு நூல்பாசி வெகுவாகக் குறைந்தது. ஆனால் ஜூலையில் தண்ணீர் மொத்தமும் கடும் பச்சையாக மாறியது. மேலிருந்த பாசி போனதும் வெயில் உள்ளே இறங்கியது, மிச்சச் சத்தை ஒற்றைச் செல் பாசி பிடித்துக்கொண்டது. இப்படி ஆகும் என்று முன்பே சொல்லியிருந்தாலும், பார்க்கும்போது மனசு கேட்காது. வீட்டில் எல்லோரும் தண்ணீரை மாற்றிவிடலாம் என்றார்கள். மாற்றினால் மறுபடி முதல் படிக்கே போவோம் என்று சொல்லி, ஒன்றும் செய்யாமல் விட்டோம். இந்த மாதிரிக் குட்டைகளில் மிகக் கடினமான கட்டம் இதுதான். கைகட்டி நிற்கத் தெரியாமல்தான் பலரும் கெடுத்துக்கொள்கிறார்கள்.

ஆகஸ்ட் கடைசியில் கோப்பையில் மொண்ட தண்ணீரில் வெள்ளைப் புள்ளிகள் துள்ளின. நீர்த்தெள்ளு. எங்கிருந்து வந்தது என்று டீச்சர் கேட்டார். அதன் முட்டைகள் சேற்றில் காய்ந்தும் கிடக்கும், பறவைக் காலிலும் ஒட்டி வரும். ஹைட்ரில்லாக் கட்டோடும் வந்திருக்கலாம். தின்ன மீன் இல்லாததால் இந்தத் தடவை பெருகின. பத்துப் பதினைந்து நாளில் தண்ணீர் வெளுத்து, அல்லித் தண்டு அடிவரை தெரிந்தது. வடகிழக்குப் பருவமழையில் தவளைகள் வந்தன. ஒரு மரத்தவளை, தண்ணீருக்கு மேல் நீண்ட கோரையில் வெள்ளை நுரைக்கூடு கட்டியிருந்தது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத மாட்டேன். அடுத்த ஏப்ரலில் மேற்கு மூலையில், அல்லி நிழல் எட்டாத இடத்தில், நூல்பாசி திரும்ப வந்தது. பரப்பில் பத்தில் ஒரு பங்கு இருக்கும். அதில் தலைப்பிரட்டைகள் மேய்ந்துகொண்டிருந்ததால் விட்டுவிட்டோம். தெளிந்த குட்டையிலும் கொஞ்சம் பாசி இருக்கத்தான் வேண்டும், அவற்றுக்குச் சோறே அதுதான். மே மாதம் கூரைத் தொட்டி காலியாகி, சில வாரம் உப்புத் தண்ணி ஊற்ற வேண்டியிருந்தது. அந்த நாட்களில் மூலைப்பாசி சற்று நீண்டது, மழை வந்ததும் நின்றது.

மீதி இருப்பது அடிச்சேறு. பழைய தீனியும் இலையும் உரமும் அதில்தான் படிந்திருக்கின்றன. கோடை வெப்பத்தில் ஆக்சிஜன் குறையும்போது சேற்றில் உள்ள பாஸ்பரஸ் மறுபடி தண்ணீருக்கு வரும். அதனால் வருகிற பிப்ரவரியில், தவளை முட்டைகள் இல்லாத நேரம் பார்த்து, சேற்றில் பாதியை மட்டும் வாளியில் அள்ளுவதாக இருக்கிறோம். முதலில் கிழக்குப் பாதி, அதற்கடுத்த வருடம் மேற்குப் பாதி. அள்ளும் சேற்றையும் பாசியைப் போலவே ஒரு இரவு விளிம்பில் வைத்துவிட்டுத்தான் வாழைக்குப் போடுவோம்.